ஒரு வாய் காற்று

இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம்போலக் குவித்துக்கொண்டு தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள் டார்ச். கீழிருந்து மேலாக, விலா ஓரமாக, முதுகெலும்பில் படாமல் தட்ட வேண்டும். குதிரை நடக்கிற சத்தம் வந்தால் கை சரி. அறைகிற சத்தம் வந்தால் தப்பு. தம்பி கட்டிலின் குறுக்கே குப்புறக் கிடந்தான். தலை விளிம்புக்குக் கீழே தொங்கியது. தரையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா. ராத்திரி நெஞ்சில் கட்டிய சளி இளகி அந்த டப்பாவில் விழும்வரை அந்த வீட்டில் காலையில் வேறு வேலை கிடையாது.

"அக்கா, நீ தட்டற தட்டுல சளி வராது. உயிருதான் வரும்."

"வந்தா டப்பாவுல துப்பு. தரையில துப்பாத."

கதவை யாரோ தட்டினார்கள். அவள் கையை நிறுத்தவில்லை.

"தொறந்துதான் இருக்கு. தூசி வர்றதுக்குள்ள சாத்துங்க."

வந்தது மாஸ்க்கம்மா. தெருமுனையில் பழைய மாஸ்க்குகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். அந்த ஊரில் மாஸ்க் இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. சூரியன் என்பது வானத்தில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிற ஓர் இடம், அவ்வளவுதான். மேல்மாடிகளில் வசிப்பவர்களுக்குக் குழாயில் சுத்தமான காற்று வருகிறது. கீழ்த்தெருக்காரர்கள் தூசியைத் துணியால் வடிகட்டி மூச்சு விடுகிறார்கள். அந்தத் துணியைத் தைப்பவள் என்பதால் மாஸ்க்கம்மாவுக்குத் தெருவில் மரியாதை உண்டு. அன்றைக்கு அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"ஏம்மா டார்ச்சு, உன்கிட்ட ஒரு வேலையா வந்தேன்."

"வேலை இல்லாம இந்த மாடிப்படிய யாரு ஏறுவா? உக்காருங்கக்கா. எனக்குக் கைதான் ஒழியல. காது சும்மாதான் இருக்கு."

"என் மருமகளப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. கொலைன்றாங்க. நாளைக்குக் காலைல லாரியில ஏத்திடுவாங்களாம்."

டார்ச்சின் கை ஒரு தட்டுத் தவறியது. லாரி என்றால் தூசிக்காடு. ஊர் மதிலுக்கு வெளியே குவிகிற தூசியை மண்வெட்டியால் அள்ளித் தள்ளுகிற வேலை. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

"யாரக் கொன்னாளாம்?"

"அவ வேலை பாக்கற இல்லத்துல ஒரு பெரிய வீட்டம்மா. ஃபில்டர் கம்பெனிக்காரரோட அம்மா. இவ ரூமுக்குள்ள போனா, வெளிய வந்தா. அடுத்த ஆயா போய்ப் பாத்தா அந்தம்மா செத்துக் கெடந்தாங்க. நடுவுல வேற யாரும் உள்ள போகலன்னு கண்ணு சொல்லுது."

கண் என்றால் சுவர்க் கண். எல்லாத் தெருவிலும், எல்லா வராந்தாவிலும், எல்லா லிஃப்டிலும் சுவரில் பதித்த கண்கள் இருந்தன. குளிப்பாட்டுகிற, மலஜலம் எடுக்கிற அறைகளில் மட்டும் வைக்கக்கூடாது என்று சட்டம். படுத்துக் கிடந்தாலும் பணக்காரர்களுக்கு மானம் உண்டு அல்லவா.

"உங்க மருமக என்ன சொல்றா?"

"அதான் எனக்குப் புரியல. வாயவே தொறக்க மாட்டேங்கறா. நீயே சொல்லு, அவ பேசாம இருந்து நீ பாத்திருக்கியா? தூக்கத்துலகூடச் சண்டை போடுவா. எம்புள்ள போனப்புறம் அவ பாட்டுக்குப் போயிருக்கலாம். போகல. கூடவே இருந்து என்னைத் திட்டிக்கிட்டிருக்கா. வாயாடிதான், ஆனா கொலைகாரி இல்ல."

தம்பி ஒருவழியாக இருமித் துப்பினான். டார்ச் டப்பாவை எட்டிப் பார்த்தாள். மஞ்சள், ரத்தம் இல்லை. அவனைப் புரட்டி நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலைமாட்டு ஆணியில் தொங்கிய ரப்பர்ப் பையின் குழாயை மூக்கில் செருகினாள். அவனுடைய உதட்டின் நீலம் மெல்ல வெளுத்தது.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பராமரிப்பு இல்லங்களில் ஆயா வேலை பார்க்கும் கீழ்த்தெருப் பெண்கள், வேலை முடிந்து கிளம்பும்போது நோயாளியின் சுவர்க் குழாயிலிருந்து ஒரு பை காற்று பிடித்துக்கொள்வார்கள். "ஒரு வாய் காத்து" என்று அதற்குப் பெயர். சட்டப்படி திருட்டு. இல்லத்துக்காரர்களுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டால் சம்பளத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பையை இடுப்பில் கட்டி மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் லிஃப்டிலிருந்து இறங்கும்போது எல்லாருமே மாசமாக இருப்பதுபோல் தெரியும். "இது எத்தனாவது மாசம்?" என்று லிஃப்ட் காவலாளி கேட்பான். "உங்கப்பனக் கேளு" என்பாள் வாயாடி என்று பெயரெடுத்த மாஸ்க்கம்மாவின் மருமகள். காவலாளி வீட்டிலும் இருமுகிற ஆள் உண்டு, அதனால் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். டார்ச்சின் தம்பிக்கான பையை வாயாடியோடு வேலை பார்க்கும் பெரிய ஆயாம்மா கொண்டுவந்து கொடுப்பாள். கீழ்த்தெருவில் படுத்த படுக்கையாக இருக்கிற எல்லாரும் அப்படி யாரோ ஒருத்தியின் இடுப்பில் வந்த காற்றில்தான் உயிரோடிருந்தார்கள்.

"சரிக்கா. அவளோட வேலைக் கோட்டு வீட்ல இருக்கா? எடுத்து வைங்க" என்றாள் டார்ச்.

*

டார்ச் ஒரு காலத்தில் போலீஸ்காரி. சுவர்க் கண்கள் வந்த பிறகு, பார்ப்பதற்கு ஆள் எதற்கு என்று ஸ்டேஷனில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி, பீரோ என்று தூக்கிக்கொண்டு போனபோது இவள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். சொந்தப் பெயர் தம்பிக்கு நினைவிருக்கலாம்.

கண்கள் பார்க்காத இடங்களில் நடப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் பிழைப்பு. பெரும்பாலும் நோயாளி அறைகள். யார் நகையைக் கழற்றியது, யார் மருந்தை மாற்றியது, எந்த மகன் அம்மாவின் கையைப் பிடித்துக் கைரேகை வைத்தான். அவளுடைய முறை எளிது. ஆள் குறைகிற இடத்துக்கு மாற்று ஆயாவாகப் போவாள், உண்மையிலேயே வேலை செய்வாள். பீத்துணி அலசுகிறவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தம்பியின் நெஞ்சு கெட்டதிலிருந்து அந்த வேலை அவளுக்குக் கைவந்திருந்தது. உயரக் கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கித் தூசி துடைத்தவன் அவன். தூசி அவனைத் துடைத்துவிட்டது.

முதலில் ஸ்டேஷனுக்குப் போனாள். வாயாடி கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உன் மாமியார் அனுப்பிச்சாங்க."

"அந்தம்மா சாப்பிட்டாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த ரூம்ல என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காமயா ஒரு மனுஷி செத்தாங்க?"

வாயாடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள், அது எங்கேயோ ஓடிவிடும் என்பதுபோல.

"நல்லவங்கக்கா. நான் வாய் காட்டினா அவங்களும் வாய் காட்டுவாங்க. போற நேரத்துல 'புடிச்சிக்கோடி உன் காத்த, உன் மூஞ்சி நல்லால்ல'ன்னு அவங்களே சொல்வாங்க." அதற்குமேல் நிறுத்திக்கொண்டாள். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டாள்: "உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு? ராத்திரி தூங்கறாரா?"

"பை இருந்தா தூங்கறான்."

"அப்ப பை இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா."

எதற்கோ பயந்து பேசாமல் இருக்கிறவர்களை டார்ச் நிறையப் பார்த்திருக்கிறாள். இவள் பயந்தவளாகத் தெரியவில்லை. கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

*

இல்லத்தில் ஆள் குறைந்துதான் இருந்தது. வாயாடியின் வேலைக் கோட்டைப் பார்த்ததும் பின்வாசலில் உள்ளே விட்டார்கள். பெரிய ஆயாம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். வழக்கமாக "வாடி போலீசு" என்பவள் அன்றைக்கு வாளியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தாள். மற்றவர்களும் அப்படியே. துணி மடிக்கிறவர்கள் மடிப்பதையே பார்த்தார்கள்.

அந்தப் பெரிய வீட்டம்மா இறந்த அறையில் படுக்கை ஆறுவதற்குள் அடுத்த ஆளைப் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர், எலும்பும் தோலுமாக. டார்ச் அவரை ஒருக்களித்துப் புரட்டினாள், வெந்நீரில் துணி நனைத்து முதுகு துடைத்தாள், இடுப்பு மடிப்பைக் காய வைத்தாள், அடியில் விரித்த துணியை மாற்றினாள். குதிகாலில் சிவப்பு கண்டிருந்தது. சுருட்டிய துண்டு ஒன்றைக் கணுக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டாள். பெரியவர் கண் திறக்கவில்லை. மாஸ்க்கின் கண்ணாடியில் அவருடைய மூச்சு பனியாகப் படிந்து படிந்து மறைந்தது.

அறையில் தேட ஒன்றுமில்லை. கட்டில், அலமாரி, கழுவுத்தொட்டி, காற்றுக் குழாய். ஆயாக்கள் மாறுகிற மணி நெருங்கியது. அந்த நேரத்தில் அந்த அறையில் ஒரு ஆயா என்னென்ன செய்வாளோ அதையெல்லாம் அப்படியே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தாள். கோட்டுக்குள் வாயாடியின் பை மடித்தபடி இருந்தது. எடுத்தாள்.

சுவரில் கைக்கு அடங்கும் ஒரு குமிழ். முன்பு இங்கே மாற்று வேலைக்கு வந்தபோது திருப்பிய கைதான். வலப்பக்கம் திருப்பினால் காற்று பக்கக் குழாயில் வரும். குழாய் கழுவுவதற்கென்று வைத்த வழி அது. இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால் திரும்ப நோயாளிக்குப் போகும். வலப்பக்கம் திருப்பினாள். எங்கோ வராந்தா முனையில் மணி அடித்தது. நோயாளிக்குக் காற்று போகவில்லை என்றால் ஆயாக்களின் அறையில் மணி அடிக்கும். பை உப்பியது. முடிச்சுப் போட்டாள். குமிழைப் பார்க்காமலே, கை தன் பாட்டில், இடப்பக்கம் கடைசிவரை திருப்பியது.

மணி நிற்கவில்லை.

முதலில் அதைக் காதில் வாங்கவேயில்லை. பையை இடுப்பில் கட்டிக்கொண்டு கோட்டுப் பித்தானைப் போட்டாள். கதவுக்குப் போனாள். வழக்கம்போல, நோயாளியைப் போர்த்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். மாஸ்க் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பனி இல்லை. பெரியவரின் கழுத்து நரம்பு துடித்தது.

ஓடிவந்து குமிழைப் பிடித்தாள். இப்போதுதான் அதைக் கண்ணால் பார்த்தாள். பழைய குமிழ் இல்லை. நிறம் அதே, உருவம் அதே. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவில் இன்னொரு நிலை; இடக்கோடியில் இப்போது காற்றே அடைபட்டது. நடுவில் நிறுத்தினாள். மணி ஓய்ந்தது. கண்ணாடியில் பனி படிந்தது. நடுநிலைக்கு நேராகச் சுவரில் ஒரு துண்டு மருத்துவ பிளாஸ்திரி, புதிதாக, விரல் நகத்தளவு ஒட்டியிருந்தது. யாரோ ஓர் ஆயா மற்ற ஆயாக்களுக்காக ஒட்டியது.

டார்ச் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் மணி அடித்தும் யாரும் வரவில்லை.

பெரிய ஆயாம்மாவைத் துணி அலசுகிற அறையில் பிடித்தாள்.

"பெல்லு அடிச்சுது. ஏன் வரல?"

"ஆள் மாறுற நேரம். நீ பை புடிக்கறேன்னு நெனச்சோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அன்னிக்கும் அதேதான் நெனச்சீங்க" என்றாள் டார்ச்.

"தெனம் அந்த நேரத்துல எல்லா ரூம்லயும் அடிக்கும்டி. எந்த பெல்லுக்குன்னு ஓடறது?" பெரிய ஆயாம்மாவின் குரல் தாழ்ந்தது. "குமிழ மாத்தினது எங்களுக்குத் தெரியாது. நோயாளிங்க எல்லாரையும் குளிக்க வெக்க எடுத்துட்டுப் போன நேரத்துல ரிப்பேர்க்காரன் வந்து மாத்திட்டுப் போயிருக்கான். எங்ககிட்ட சொல்லல. ஏன் சொல்லணும்? நாங்கதான் குமிழத் தொடறதே கெடையாதே, சட்டப்படி."

"இத ஸ்டேஷன்ல சொன்னா அவ கொலைகாரி இல்லன்னு ஆயிடும்."

"ஆயிடும். அப்புறம்? எல்லாக் குமிழுக்கும் பூட்டு போடுவான். எந்த இல்லத்துலயும் ஒரு வாய் காத்து கெடைக்காது. எங்க வீட்ல எங்க அம்மா கெடக்கறாங்க. துணி மடிக்கறாளே, அவ வீட்ல புருஷன். வாயாடிக்கு அது தெரியும். யாரும் அவ வாயப் பொத்தல. அவளாத்தான் பொத்திக்கிட்டா." நிமிர்ந்து பார்த்தாள். "உன் வீட்டுப் பையும் என் இடுப்புலதான் வருது. மறந்துடாத."

*

மறக்கவில்லை. ஆனால் பின்வாசலுக்குப் போவதற்குள் வராந்தாக் கண் அவளைக் கண்டுகொண்டிருந்தது. ஒரு தடியன் வந்து மேனேஜர் கூப்பிடுவதாகச் சொன்னான்.

மேனேஜர் சின்ன வயசு. பளபளக்கிற செருப்பு. அந்த அறையில் காற்று அவ்வளவு சுத்தமாக இருந்ததால் டார்ச்சுக்குத் தலை லேசாகச் சுற்றியது.

"உங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கேன்."

"நல்லதா ஒண்ணும் இருக்காதே."

"அந்த ரூம்ல என்ன பாத்தீங்க?"

"பெரியவருக்குக் குதிகால்ல புண்ணு வரப் பாக்குது. காலுக்கு அடியில ஏதாவது வெக்கச் சொல்லுங்க."

மேனேஜர் தடியனைப் பார்த்தான். தடியன் அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, கழுத்தில் தொங்கிய அவளுடைய மாஸ்க்கை மூக்கில் இறுக்கி மாட்டினான். பிறகு அதன் துவாரத்தை உள்ளங்கையால் மூடினான். அடி இல்லை, சத்தம் இல்லை. துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் மின்மினி பறந்தது. கையை எடுத்தபோது அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"குமிழப் பாத்தீங்க" என்றான் மேனேஜர், கோபமே இல்லாமல். "கொலைன்னா ஒரு ஆயா கெட்டவ. குமிழுன்னா இல்லமே கெட்டது. ஒரு குடும்பம் பாக்கியில்லாம நோயாளியக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால கொலைன்னே இருக்கட்டும். உங்க தம்பிக்கு நெஞ்சு சரியில்லயாமே? ஒரு சிலிண்டர் வீட்டுக்கே வரும். காலியானா அடுத்தது. அவர் இருக்கற வரைக்கும். நாளைக்குக் காலைல முதல் சிலிண்டர். லாரி போனதுக்கப்புறம்."

டார்ச் எழுந்து மாஸ்க்கைச் சரிசெய்தாள். "யோசிக்கணும்" என்றாள். அது பொய் இல்லை.

*

வீட்டுக்கு வந்தவள் தம்பிக்குக் கஞ்சி கொடுத்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவன் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, தாடை கீழே இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். பாதிக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவனிடம் மறைத்துப் பழக்கமில்லை.

அவன் வழக்கம்போல ஏதாவது கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் வாயைத் துடைக்கக்கூட விடவில்லை.

"சிலிண்டர வாங்கிக்கோ" என்றான்.

"டேய்."

"என்ன டேய்? நான் என்ன சொல்வேன்னு நெனச்ச? 'நான் போறேன், அந்தப் பொண்ணக் காப்பாத்து'ன்னா? அதுக்கெல்லாம் வேற ஆளப் பாரு." மூச்சு வாங்கியது. பைக் குழாயை மூக்கோடு அழுத்திக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்குக்கா. காத்து இல்லாம எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"இன்னிக்குக் கொஞ்சம் தெரிஞ்சுது."

"கொஞ்சம்தான? எனக்குத் தெனம். அவள எனக்குத் தெரியாது. என்னை எனக்குத் தெரியும். நான் சாகக்கூடாது."

"அவளும்தான்டா."

"அது அவ பாடு."

டார்ச் எழுந்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாள். தண்ணீரைக் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். இவை எல்லாவற்றையும் செய்யும்போதே அவள் மனம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. லாரியில் ஏறிவிட்டவளை யாராலும் இறக்க முடியாது. மூச்சு முட்டுகிறவனை எங்கேயாவது தூக்கிக்கொண்டு அலையலாம். பெரிய ஆயாம்மாவின் அம்மாவையும் யாராவது தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். துணி மடிக்கிறவளின் புருஷனையும். அவர்களில் சிலர் பிழைக்க மாட்டார்கள். அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒன்று இருந்தது. பெரியவரின் மாஸ்க் கண்ணாடியில் பனி மறைந்தது அவள் கையால். வாயாடி செய்ததை அவளும் செய்திருந்தாள். திரும்பிப் பார்த்தது மட்டும்தான் வித்தியாசம்.

செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றான் தம்பி.

"தெரியும்ல உனக்கு."

"போனா என்கூடப் பேசாத."

கதவைச் சாத்தினாள்.

சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் ஸ்டேஷனில் சாட்சி சொல்லிவிட வேண்டும். அங்கே மனிதர்கள் கேட்பதில்லை. சுவரில் ஒரு கம்பி வலை, அதன் முன்னால் ஒரு நாற்காலி. வலைக்குள்ளிருந்து ஒரு குரல் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் பேசும்.

"வணக்கம். தாங்கள் கூற விரும்புவதைத் தெளிவாகக் கூறலாம்."

டார்ச் சொன்னாள். குமிழ் மாற்றியது, யாரிடமும் சொல்லாதது, கைப் பழக்கம், மணி அடித்தும் யாரும் வராதது. ஒரு வாய் காற்று என்று வந்தபோது நின்றாள்.

"தங்கள் கூற்று முழுமையடையவில்லை. செவிலி குமிழைத் திருப்பியதன் நோக்கம் யாது?"

"வீட்ல மூச்சு முட்டற ஆளுங்களுக்கு. ஒரு பை காத்து புடிக்க."

"இது ஒருவரின் செயலா, வழக்கமா?"

கதவருகே மாஸ்க்கம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், வேலை முடிந்து வந்த பெரிய ஆயாம்மா. கோட்டு முன்பக்கம் புடைத்திருந்தது.

"வழக்கம்" என்றாள் டார்ச்.

குமிழ் பொருத்திய நாளையும் மணி அடித்த நேரங்களையும் வலையே எங்கெங்கோ கேட்டுச் சரிபார்த்துக்கொண்டது. பிறகு, அதே குரலில், கொலைக்குற்றம் நீக்கப்பட்டது என்றது. காற்றுத் திருட்டுக்காக அந்தச் செவிலி இனி எந்த இல்லத்திலும் பணிபுரியக் கூடாது. இல்லத்தின் மீது அபராதம். இன்றிரவுக்குள் நகரின் அனைத்துப் பராமரிப்பு இல்லங்களிலும் காற்றுக் குமிழ்கள் பூட்டப்படும். நன்றி.

மாஸ்க்கம்மா அழுதாள். பெரிய ஆயாம்மா டார்ச்சின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து, அவள் கையில் திணித்தாள்.

"கடைசிப் பை. உன் தம்பிக்குன்னு புடிச்சது. எனக்கு வேண்டாம்."

*

மறுநாள் காலையில் அந்தப் பை தீர்ந்துவிட்டது. சிலிண்டர் எதுவும் வரவில்லை. டார்ச் பக்கத்துத் தெருவில் ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கி வந்தாள். தம்பியை அதில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க நெஞ்சைச் சுற்றித் துணியால் கட்டி, மாஸ்க் போட்டு, கீழ்த்தெருவுக்கென்று இருந்த ஒரே பொதுக் காற்றுக் குழாய்க்குத் தள்ளிக்கொண்டு போனாள். நேற்றிரவிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

வழக்கமாக அந்த இடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். அன்றைக்கு வரிசை தெருவைத் தாண்டித் திரும்பியது. நாற்காலிகள், தள்ளுவண்டிகள், முதுகில் சுமந்த அம்மாக்கள். ஒரு வீட்டுக் கதவையே கழற்றி அதன்மேல் ஒருவரைப் படுக்க வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் வரிசையில் வராமல் வீட்டிலேயே இருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இவதான்" என்றாள் ஒருத்தி, சத்தமாகவே.

"போலீசு புத்தி போகுமா?"

டார்ச் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவள் தன் வண்டியை ஒரு முழம் தள்ளி நகர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ பின்னாலிருந்து நாற்காலியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார்கள். வாயாடி. ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்தாள். நன்றி என்று சொல்லவில்லை. "உங்களை யாரு சொல்லச் சொன்னது?" என்றாள். தெருவில் மேடு வந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள்.

வெயிலுக்குப் பதிலாக வருகிற வெளுப்பு தலைக்கு மேல் வந்தபோது தம்பியின் முறை வந்தது. உதடு கருத்திருந்தது. டார்ச் குழாய் முனையை அவன் வாயில் வைத்துப் பிடித்தாள். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். பிறகு குழாய் தானே மூடிக்கொள்ளும். அவன் இழுத்தான், இழுத்தான், கண்களைத் திறந்தான். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. குழாய் முனையைக் கையால் விலக்கினான்.

பிறகு திட்ட ஆரம்பித்தான்.

துரோகி என்றான். கூடப் பிறந்தவனை விற்றவள் என்றான். சின்ன வயதில் அவன் பங்கு இனிப்பைத் தின்றதிலிருந்து ஆரம்பித்து, ஒரு வருஷத்தையும் விடாமல், நல்ல கெட்ட வார்த்தை என்று பார்க்காமல், வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டினான். பின்னால் நின்றவர்கள் "காத்த வீணாக்காதய்யா" என்று கத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. டார்ச் குழாயை அவன் வாய்ப்பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி திட்டினான். குழாய் சீறி மூடிக்கொண்டது. மூச்சு போதாமல் அவனுடைய குரலும் அதோடு நின்றது.

டார்ச் அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். மாஸ்க்கை மாட்டிவிட்டாள். நாற்காலியைத் திருப்பி, மறுபடி வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.